நான் அழிக்கச் சொன்ன கோடு

சகோதரர்களே, மறுபடியும் பினாங்குக் கப்பல் ஏற வேண்டியதுதான் என்று நான் மனம் உடைந்து உட்கார்ந்த ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். எழுபத்து நான்காம் வருடம், ஐப்பசி மாதம். என் மகள் பிறந்து நாற்பது நாள்தான் கழிந்திருந்தது.

பினாங்கில் ஒரு கம்பெனியில் துளை அட்டை மெஷின் ஓட்டியவன் நான். கல்யாணம் முடிந்த முதல் மூன்று வருடத்தில் என் மனைவி ஜமீலாவோடு இருந்தது மூன்றே மாதம். லாரி உதிரிபாகம் விற்கும் காரைக்குடி முதலாளி ஒருவர், அதே மாதிரி மெஷினை மெட்ராஸில் பழையதாக வாங்கித் தன் பெரிய வீட்டுக் கூடத்தில் இறக்கினார். ஓட்டுவதற்கு ஆள் தேடினார். உள்ளூரிலேயே வேலை என்றதும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

அட்டைக்கு ஒரு பாகம். அது எந்த அலமாரியில் இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதெல்லாம் அதில் துளைகளாக இருக்கும். வரிசையாக ஊட்டினால் மெஷின் படித்துப் பட்டியல் அடித்துக் கொடுக்கும். வரிசை தப்பினால் பட்டியலும் குப்பை. ஐந்து கிளைகளுக்கு ஐந்து கட்டு, மொத்தம் தொள்ளாயிரம் அட்டை.

துளை போடுகிற பெண் தனம், நேமத்தான்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒரு நாள் பார்த்தால், ஒவ்வொரு கட்டின் மேல்விளிம்பிலும் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக மையால் கோடு இழுத்து வைத்திருந்தாள். கட்டுக்கு ஒரு நிறம். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும்.

"இது என்ன சேலையா, கரை போடுறதுக்கு? அழி எல்லாத்தையும்!"

"பாக்க அழகா இருக்குமேண்டு போட்டேன் பாய். கோவிச்சுக்கிறாதீக."

ரப்பர் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மை போகவில்லை. இரண்டு நாள் அவளிடம் நான் முகம் கொடுத்தே பேசவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. முற்றத்து ஈரக்காற்றில் அட்டையெல்லாம் ஊறிப் பருத்துவிட்டது. ஊட்டியதை மெஷின் மென்று துப்பியது. வியாழக்கிழமை முதலாளி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"காசிம், நாளைக்கு நாலு மணிக்கு, மெஷினுக்குப் பாதிப் பணம் போட்ட மெட்ராஸ் பங்காளி வாராரு. ஓடலைன்னா மெஷினைத் திருப்பி ஏத்திருவோம்ங்கிறாரு. நான் என்னப்பா செய்ய?"

மெஷின் போனால் என் வேலை போகும். வேலை போனால் கப்பல்தான். வீட்டில் சொன்னேன். ஜமீலா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "போயிராதீக மச்சான்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கூடம் முழுக்கப் பாய் விரித்து அட்டைகளை வரிசை குலையாமல் காயப் பரப்பினேன். அதற்கு முன்பே காற்றாடி சுவிட்சைப் போட்டிருந்தேன். கரண்ட் இல்லாததால் அது சுற்றவில்லை. அணைக்க வேண்டும் என்ற புத்தி எனக்கு வரவில்லை. பதினொரு மணிக்குக் கரண்ட் வந்தது. காற்றாடி முழு வேகத்தில் சுற்றியது. கல்யாண வீட்டு அட்சதை மாதிரி தொள்ளாயிரம் அட்டையும் பறந்தன. துளையைப் பார்த்துப் பார்த்து அடுக்கினால் மூன்று நாள் ஆகும். எனக்கு இருந்தது ஐந்து மணி நேரம்.

தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். பிறகு ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். சுஜூதில் நெற்றி தரையில் பட்டதும் அழுகை வந்துவிட்டது. "யா அல்லாஹ், தவறு என்னுடையது. என் பிள்ளையின் முகம் பார்க்கிற தூரத்தில் என்னை வைத்துக்கொள்." வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்தால், தனமும் முதலாளி வீட்டுச் சமையல்காரரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் ஐந்து அடுக்கு.

"பாய், மெதுவா வாங்க. அங்குட்டு மிதிச்சிராதீக. பச்சை முடிஞ்சிருச்சு, நீலம் நடக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் ஒரு கட்டைத் தூக்கிக் காட்டினாள். மேல்விளிம்பில் அந்தக் கோடு. சாய்வாக இழுத்ததால் அது அட்டைக்கு ஒரு புள்ளியாக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுந்திருந்தது. அட்டை இடம் மாறியிருந்தால் அதன் மைப்புள்ளி கோட்டைவிட்டு விலகித் தெரியும். புள்ளி கோட்டில் சேரும் இடத்தில் செருகினால் வரிசை சரி. பக்கத்துப் பக்கத்து அட்டைகளில் சந்தேகம் வந்தால் மட்டும் துளையைப் பார்த்தோம். நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கலைத்த காற்றாடியே அட்டைகளைக் காய வைத்தும் விட்டிருந்தது! சுருண்டவற்றை அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்து நிமிர்த்தினோம்.

நாலு மணிக்குப் பங்காளி வந்து நின்றார். பிஸ்மி சொல்லி முதல் கட்டை மெஷினில் வைத்தேன். ஓடியது. நடுவில் ஒரே ஓர் அட்டை சிக்கியது. எடுத்துப் போட்டதும் மறுபடியும் ஓடியது. பட்டியலைப் புரட்டிப் பார்த்த பங்காளி, "இது இங்கேயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார்.

அவர் போனதும் தனம் சிரித்தாள். "அன்னைக்கு அழிக்கச் சொன்னீகளே பாய்!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதலாளிக்கு முன்னால் வைத்தே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் புதுக்கட்டு எது வந்தாலும் நானே முதலில் கோடு போட்டுவிடுகிறேன். கத்துவதும் பாதி குறைந்திருக்கிறது. மீதியையும் குறைக்கச் சொல்லி ஜமீலா துஆ செய்கிறாள்.

சகோதரர்களே, நான் அழுது கேட்டது அந்த வெள்ளிக்கிழமைதான். இரக்கமுள்ள ரப்பான அல்லாஹ் அதற்கான பதிலைப் பல மாதம் முன்பே தனத்தின் பேனா வழியாக அனுப்பிவிட்டான். அந்தப் பதிலைத்தான் நான் ரப்பர் வைத்து அழிக்கச் சொன்னேன். கஷ்டம் வந்தால் தயங்காமல் அவனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களையும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.

என் மகள் இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். தினமும் காலையில் நான்தான் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுகிறேன்.