ரேணுகாவுக்கு நான் வாசித்த கடைசிப் பக்கங்கள்

போன செவ்வாய்க்கிழமை கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் தெல்தெனிய பஸ்ஸில் ஏறி, ஜன்னல் பக்கம் ஒரு சீட் பிடித்து உட்கார்ந்தேன். மாமா மகள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறாள். போகாவிட்டால் கோபித்துக்கொள்வாள்.

பஸ் நிரம்பியது. பக்கத்துச் சீட்டில் மரக்கறிப் பையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பஸ் நகரத் தொடங்கியதும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“இனி எங்கடி இறங்கி ஓடப் போற?”

ரேணுகா!

கண்டி மாதிரி ஒரு சின்ன ஊரில், ஓர் ஆளிடம் அகப்படாமல் இருபத்தேழு வருடம் இருக்க முடியுமா? நான் இருந்தேன். இடையில் மூன்று முறை அவளைக் கண்டேன். மூன்று முறையும் ஒளிந்துகொண்டேன்.

“போன வருஷம் மார்க்கெட்ல என்னக் கண்டுட்டு கருவாட்டுக் கடைக்குள்ள பூந்தியே... நீதான் கருவாட்டு வாடைக்கே வாந்தி எடுப்பியே!”

“நீ பாத்தியா?”

“பாத்தேன். அரை கிலோ நெத்தலி வேற வாங்குன. பாவம்னு விட்டுட்டேன்.”

இந்தப் பத்திரிகைப் பக்கத்தை வாரா வாரம் வாசிக்கும் உங்களில் சிலர் கடிதத்தில் கேட்பதுண்டு — எல்லாம் எழுதுகிறீர்களே, ஒரு காதல் கதை எழுதினால் என்ன என்று. ஏதோ சொல்லி மழுப்பிவிடுவேன். உண்மைக் காரணம் ரேணுகாதான்.

அப்போது எங்களுக்கு இருபது வயது. இருவரும் டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. நான் சாதாரண தரப் பரீட்சை எழுதி, அதற்கு மேல் படிக்க வீட்டில் வசதியில்லாமல் வந்தவள். வாடிக்கையாளரிடம் வாய் திறக்கவே வெட்கம். துணி விரித்துக் காட்டுவது நான். பேசி விற்பது ரேணுகா. முதலாளிக்கு எங்கள் இருவரையும் சேர்த்தால்தான் ஒரு முழு ஆள்!

மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம். மேல் மாடியில் துணிப் பண்டல்கள் அடுக்கிய அறை. புதுத் துணியின் கஞ்சி வாசம், பிரித்து வைத்த சோற்றுப் பார்சலின் பருப்பு வாசம், ஜன்னலைத் திறந்தால் மழை வாசம். எட்டிப் பார்த்தால் வாவியில் ஒரு துண்டு தெரியும். என் வாழ்க்கையில் அதைவிடச் சொகுசான இடத்தில் நான் சாப்பிட்டதில்லை.

அங்கேதான் வாசிப்பு நடக்கும்.

ரேணுகா வீட்டில் பேசுவது தமிழ். படித்தது சிங்கள மீடியத்தில். அவளுடைய அப்பா மாநகர சபையில் கிளார்க். பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்க வேண்டும் என்று அப்படிச் சேர்த்துவிட்டார். கண்டியில் இப்படி எத்தனையோ வீடு. அவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் தமிழ்க் கதை என்றால் உயிர்.

நான் வாடகைப் புத்தகக் கடையில் நாவல் எடுத்து வருவேன். பண்டலில் சாய்ந்துகொண்டு வாசிப்பேன். யாரிடமும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத நான், புத்தகம் கையில் இருந்தால் கதாநாயகியாகக் கொஞ்சுவேன், வில்லனாக உறுமுவேன். ரேணுகா சோற்றைப் பிசைந்தபடி வாயைப் பிளந்து கேட்பாள். நல்ல கட்டத்தில் நிறுத்தினால், “அடியே, வாசிடி... ஆறின சோறுகூட இறங்குது, கதை பாதியில நின்னா இறங்க மாட்டேங்குது!” என்பாள்.

அந்த நாட்களில்தான் ரவி வந்தார். கடைக்கு ஃபேன் திருத்த வந்த எலக்ட்ரீஷியன். தெல்தெனியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன். முதல் நாள் வந்து ஒரு ஃபேனைத் திருத்தினார். அடுத்த வாரம் அதே ஃபேன் மறுபடியும் நின்றுபோனது. அதற்கடுத்த வாரமும். எப்படி நின்றது என்று ரேணுகாவிடம்தான் கேட்க வேண்டும்.

சாதி வேறு. அதோடு தோட்டம். வீட்டில் தெரிந்ததும் அப்பா சொன்னது ஒரே வசனம்தானாம்: “நம்ம ஆளுங்க இல்ல.” அதோடு வேறு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அதே வாரம் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்த நாவலிலும் இதே கதை. பெரிய வீட்டுப் பெண், ஏழைப் பையன், வீட்டில் எதிர்ப்பு. வெள்ளிக்கிழமை மத்தியானம், கதாநாயகி பெட்டியோடு வீட்டுப் படி இறங்குகிறாள். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

பின் அட்டை.

கடைசி நாலு பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள்.

ரேணுகா சோற்றுக் கையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பிறகு? பிறகு என்னடி?”

பக்கம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. கடைசியாக இருந்த பக்கத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நானாகவே ‘வாசித்தேன்’. கதாநாயகி பையனிடம் போய்விட்டாள். மூன்றாம் நாள் வாசலில் அப்பா. கையில் பூவும் பழமும் வைத்த தட்டு. பின்னால் அம்மா. “வீட்டுக்கு வாம்மா, மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா” என்கிறார். எல்லோரும் அழுகிறார்கள். முற்றும்.

ரேணுகாவும் அழுதாள். நான் முதன்முதலாக உண்டாக்கிய கதை அதுதான்.

திங்கட்கிழமை ரேணுகா வேலைக்கு வரவில்லை; ரவியோடு போய்விட்டிருந்தாள். அவளுடைய அப்பா வந்தார். மேல் மாடிக்கு ஏறிப்போய் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் அடித்தார்.

“இந்தக் கண்ட கண்ட கதையெல்லாம் வாசிச்சுத்தான் எம்புள்ள கெட்டுப் போச்சு!”

அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது.

எனக்கு மறக்கவில்லை.

மூன்றாம் நாள் அப்பா தட்டோடு போகவில்லை. முப்பதாம் நாளும் போகவில்லை. ரேணுகாவின் அம்மா நெஞ்சு வருத்தக்காரி; மருந்தில் இருந்தவர். இரண்டாவது வருடம் அவர் காலமானார். மகளுக்குத் தகவல் போனது முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்த பிறகு. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்துதான் நான் ஒளியத் தொடங்கினேன்.

பஸ் குண்டசாலையைத் தாண்டியது. ஜன்னல் வழியாகக் குதிக்க முடியாது. எனக்கோ நாற்பத்தேழு வயது.

“ரேணு... அந்தக் கதையில அப்பா வரவே இல்லடி. கடைசிப் பக்கம் கிழிஞ்சிருந்திச்சு. நானாத்தான் சொன்னேன்.”

இருபத்தேழு வருடமாக நெஞ்சில் வைத்திருந்தது. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

ரேணுகா சிரித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

“தெரியும்டி.”

“என்ன தெரியும்?”

“அஞ்சு நிமிஷமா ஒரே பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்த. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, கண்ணு தெரியும்ல? அதோட, வியாழக்கிழமையே என் உடுப்பையெல்லாம் ரவி எடுத்துட்டுப் போயிட்டாரு. நீ அப்பாவ வர வச்சாலும் போயிருப்பேன், வெட்ட வச்சாலும் போயிருப்பேன். நான் போனது என் காலாலடி.”

நிம்மதியாக இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் — உங்களிடம் மறைப்பானேன்? — கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது! நான் சொன்ன நாலு பக்கம் ஒரு குடும்பத்தையே பிரித்துவிட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்? அதற்கு அவ்வளவு சக்தி இல்லையாம். குற்ற உணர்ச்சி என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததில் பாதிக்கு மேல் பெருமைதானோ என்னவோ.

மீதிப் பாதியை ரேணுகா விட்டுவைக்கவில்லை.

“ஆனா ஒண்ணு,” என்றாள். சிரிப்பு போயிருந்தது. “அன்னைக்குக் காலையில உங்கிட்ட ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

“ரெண்டு பேரும் பண்டல் பிரிச்சுக்கிட்டு இருந்தோம். ‘நான் போகட்டுமாடி, நீ என்ன சொல்ற’ன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?”

ஞாபகம் இருக்கிறது. இல்லை என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன், அவ்வளவுதான். “சாப்பாட்டு நேரத்தில மிச்சக் கதைய வாசிக்கிறேன்” என்றுதான் சொன்னேன்.

“போகாதன்னு நீ சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டேன். ஆனா அம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போன்னு சொல்லியிருந்தா... சொல்லிட்டுத்தான்டி போயிருப்பேன். அம்மா என்னத் தடுத்திருக்காது. அது எனக்கு அப்ப தெரியல. உனக்குத் தெரியும்.”

தெரியும். அவளுடைய அம்மா கடைக்கு வரும்போதெல்லாம் என்னிடம் தணிந்த குரலில், “அந்தப் பையன் நல்ல பையனாம்மா?” என்று கேட்பார். அதை நான் ரேணுகாவிடம் சொல்லவே இல்லை. கேட்டதற்குத் தலையாட்டினேன், அத்தோடு சரி. பேச வெட்கம். பிறருடைய விஷயத்தில் வாய் வைக்கப் பயம். புத்தகத்தில் வரும் அப்பாவை மட்டும் அழகாகப் பேச வைத்தேன்.

பிள்ளைகள் கெட்டுப்போவது கதையால்தான் என்று அன்று அந்த அப்பா சொன்னார். இன்று ஃபோனால் என்கிறோம். கதை யாரையும் பஸ் ஏற்றிவிடுவதில்லை. பக்கத்தில் இருக்கிற நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம். வேறு பேச்சுத்துணை இல்லாததால் பிள்ளைகள் கதையிடம் போகிறார்கள்... அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது.

திகனவில் பாதிப் பேர் இறங்கினார்கள். ரேணுகா இறங்கவில்லை. என் கையையும் விடவில்லை.

“மூத்தவ தர்ஷினிக்கு இருபத்திமூணு வயசு. ஒரு பையன விரும்புறா. சிங்களப் பையன், ஃபோன் கடையில வேலை. வீட்டுல ரெண்டு நாளா யுத்தம். யாரு குதிக்கிறாருன்னு நெனக்கிற?”

“ரவியா?”

“அவரேதான்! ‘நம்ம ஆளுங்க இல்ல’ங்கிறாரு. எங்கப்பா சொன்ன அதே வசனம். அந்த ஃபேன்காரனுக்கு இது சொல்ல வாய் வருது பாரேன்! புள்ள ராவும் பகலும் ஃபோன்ல காதல் கதை வாசிக்கிறா, அதுதான் காரணமாம். எனக்குப் பயமா இருக்குடி. என்ன மாதிரியே சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான்னா?”

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் ஃபோனை எடுத்தாள், அழைத்தாள், என் காதில் வைத்தாள்.

“இந்தா. நீயே சொல்லு.”

பஸ்ஸில் முன்னாலும் பின்னாலும் ஆட்கள். கண்டக்டர்கூடக் காசு எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம் நான் பேச வேண்டும்.

“ஹலோ? அம்மா?”

“அம்மா இல்ல புள்ள... நான் அம்மாவோட பழைய ஃப்ரெண்ட். வந்து... நீ எங்கயும் போறதா இருந்தா, சொல்லாம மட்டும் போயிடாத. அம்மா தாங்க மாட்டா.”



“நான் ஏன் ஆன்ட்டி போகணும்?” என்றது குரல். “இது எங்க வீடு. நான் இங்கேயே இருந்துதான் கேப்பேன். அப்பாதான் ரெண்டு நாளாச் சாப்பிடாம முறுக்கிக்கிட்டு இருக்காரு. யாரு சொல்லியும் கேக்கல. நீங்க வந்து பேசுறீங்களா?”

கதாநாயகிகள் எவ்வளவு மாறிவிட்டார்கள், பாருங்கள்! பெட்டியும் இல்லை, படி இறங்குவதும் இல்லை.

ரேணுகா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை யாராவது ஒன்று கேட்டால், “யோசிச்சுச் சொல்றேன்” என்பது என் வழக்கம். அதுதான் நாக்கு நுனிவரை வந்தது.

“வர்றேன் புள்ள,” என்றேன். “ஞாயித்துக்கிழம வர்றேன்.”

தெல்தெனியவில் இறங்கும்போது ரேணுகா மரக்கறிப் பையிலிருந்து ஒரு கட்டு வல்லாரையை எடுத்து என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

ரவியிடம் என்ன பேசுவது என்று நாலு நாளாக யோசிக்கிறேன், ஒன்றும் ஓடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போவதாக இருக்கிறேன்... மனுஷன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி சோறு சாப்பிட்டாரென்றால், மிச்சத்தை என் வாய் தானாகப் பேசும்.