பதினோரு கேசட்டும் பின்வாசல் பூட்டும்

இன்னைக்கு ஜெராக்ஸ் கடை க்யூவுல யாரைப் பாத்தேன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. தையல் ஃபேக்டரி பூட்டு கேஸ்னு பெரியவங்க இன்னமும் பேசிக்குவாங்களே, அந்தக் கேஸுக்கு வாக்குமூலம் டைப் அடிச்ச டைப்பிஸ்ட் அக்காவை! ரெண்டு மணி நேரம் பேசினாங்க. கேட்ட சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி அக்காவுக்கு இருபத்தாறு வயசு. மருந்துக் கடைக்கு மேல மாடியில, வெளிநாட்டு உதவியில நடந்த ஒரு உரிமை மையத்துல வேலை. சட்டம் இருந்தும் நியாயம் கிடைக்காத தொழிலாளிங்களுக்குக் கூட நிக்குற இடம் அது. மொத்தமே மூணு ரூம். ஒரு வக்கீல், ஒரு டைப்பிஸ்ட், எல்லாத்தையும் பாத்துக்க வெளிநாட்டுல இருந்து வந்த ஒரு மேடம். வாசல் நிலையில தலை இடிக்குற அளவு உயரம், அதனால நெட்டை மேடம்.

அந்த மாடியைப் பத்திப் பேச ஆரம்பிச்சா அக்கா முகமே வேற ஆயிடுது. சுத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை இருமுற ஃபேன். ஒரு கால் குட்டையான நீள பெஞ்சு, அடியில மடிச்சு வச்ச அட்டை. மதியம் மணி அடிச்சதும் தையல் பொண்ணுங்க டிபன் டப்பாவோட மூச்சு வாங்க ஏறி வருவாங்க. மொத்தம் நாப்பது நிமிஷம் தான். பேசிக்கிட்டே சாப்பிடுவாங்க, சாப்பிட்டுக்கிட்டே அழுவாங்க, அழுற அழுகையிலயே மேஸ்திரி மாதிரி நடிச்சுக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பாங்க.

அவங்க புகார் ஒண்ணே ஒண்ணு தான். ஷிஃப்ட் ஆரம்பிச்சதும் ஃபேக்டரியோட பின்வாசலை வெளியில பூட்டிடுவாங்க, துணி திருடு போகுதுன்னு. ஒருநாள் அயர்ன் போடுற பக்கம் புகை கிளம்பிடுச்சு. சாவி வர்ற வரைக்கும் அத்தனை பேரும் உள்ளயே. நல்லவேளை, யாருக்கும் உயிர் போகல. பன்னெண்டு பேர் துணிஞ்சு வாக்குமூலம் கொடுத்தாங்க.

மையத்துக்குன்னு ஒரு முறை உண்டு. பேசுறதை கேசட்ல பதியணும், அப்படியே டைப் அடிக்கணும், படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கணும், அப்புறம் கேசட்டை அழிச்சிடணும். குரல் ஃபேக்டரிக்காரங்க கையில சிக்கிடக் கூடாதுல்ல!

அக்கா இதுல மூணை மீறிட்டாங்க.

ஒண்ணு, கேசட்டை அழிக்கல. அம்மா தவறிட்டாங்க, அண்ணன் வேற ஊர், வீட்டுல யாரும் இல்ல. வேலை முடிஞ்சதும் அந்தப் பொண்ணுங்க சிரிப்பை இன்னொரு தடவை போட்டுக் கேட்டுட்டுத் தான் வீட்டுக்குக் கிளம்புவாங்க. இன்னொண்ணு, சொன்னதை அப்படியே டைப் அடிக்கல. பள்ளிக்கூடத்துல மொழிப் பாடத்துல எப்பவும் முதல் மார்க்காம். "பூட்டு வெளியில தொங்குது, நாங்க உள்ள கூடைக்குள்ள கோழி மாதிரி"ன்னு ஒரு பொண்ணு சொன்னதை, "கதவானது வெளிப்புறமாகத் தாழிடப்பட்டிருந்தமையால் பெரும் இன்னலுக்கு உள்ளானோம்"னு அடிச்சாங்க. ஒருத்திக்கு மட்டுமா? பன்னெண்டு பேருக்கும் அதே இன்னல்! மூணாவது, படிச்சுக் காட்ட நேரமும் இல்ல. "நீ எழுதினா சரியாத் தான்க்கா இருக்கும்"னு பொண்ணுங்க கைநாட்டு வச்சுட்டு ஓடிடுவாங்க.

விசாரணை அன்னைக்கு ஃபேக்டரி வக்கீல் பன்னெண்டு தாளையும் விசிறி மாதிரி விரிச்சுப் பிடிச்சாரு.

"ஐயா, இவங்க பன்னெண்டு பேரும் ஒரே வாத்தியார்கிட்டயா படிச்சாங்க? இதுல பாதிப் பேருக்குக் கையெழுத்தே போடத் தெரியாது. எவனோ எழுதி நீட்டுனதுல கைநாட்டு வச்சிருக்காங்க!"

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழட்டி வச்சாரு. "ஒரு வாரம் டைம். இது அவங்க சொன்னது தான்னு காட்டுங்க. முடியலேன்னா புகாரை மூடிடுவேன்."

மூடினா பூட்டு அப்படியே தொங்கும். பன்னெண்டு பேருக்கும் வேலை போகும்.  மாடிக்குத் திரும்பினதும் அக்கா ட்ராயரைத் திறந்து, கார்பன் டப்பாவுக்கு அடியில இருந்த கேசட் எல்லாத்தையும் மேஜைல அடுக்கினாங்க.

"மேடம், அழிக்கச் சொன்னீங்க. நான் அழிக்கல. எழுத்தையும் நான் தான் மாத்தினேன். வேலையை விட்டு அனுப்பினாலும் சரி."

 நெட்டை மேடம் அரைகுறையா நம்ம பாஷையில, "இது உன் குரல் இல்ல. என் குரலும் இல்ல. அவங்களைக் கேளு"ன்னாங்க.

மறுநாள் மதியம் பெஞ்சு நிறைய பொண்ணுங்க. அக்கா எதையும் மறைக்காம சொல்லிட்டாங்க. முதல்ல வாயைத் திறந்தது காலர் தைக்குற அக்கா. அவங்க வாய்க்கு ஃபேக்டரியே பயப்படும்.

"அடிப்பாவி! நான் எப்போடி இன்னல்னு சொன்னேன்? அது எந்தக் கடையில விக்குது?"

"தப்புதான்க்கா."

"சரி, இருக்கட்டும். மேஸ்திரியை நான் திட்டினது அதுல இருக்கா?"

"முழுசா இருக்கு."

"அப்ப கண்டிப்பாப் போடு. அவன் மூஞ்சியை நான் பாக்கணும்!"

சிரிப்பு அடங்க நேரமாச்சு. ஒவ்வொருத்தரா சரின்னாங்க. பட்டன் தைக்குற பொண்ணு மட்டும் தலை நிமிரல. புகை வந்தப்போ கதவுகிட்ட நின்னது அவ தான். கை வீங்குற வரைக்கும் கதவைத் தட்டினவ. கேஸுக்கே முதுகெலும்பு அவ கேசட்.

"என் வீட்டுக்காரருக்கு நான் புகையில மாட்டினதே தெரியாதுக்கா. தெரிஞ்சா வேலைக்கே விட மாட்டாரு. பிள்ளைங்க சோத்துக்கு நான் எங்க போவேன்? அழிச்சிடு."

மையத்து வக்கீல் டைப்பிஸ்ட் அக்காவைப் பாத்துக் கண்ணாலயே கெஞ்சுறாரு, கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மான்னு. அக்கா சொல்லல. அவ கேசட்டை ரெக்கார்டர்ல போட்டு, அவ கண்ணு முன்னாடியே பதிவு பட்டனை அமுக்கினாங்க. பழைய குரல் மேல வெறும் ரூமைப் பதிஞ்சா தானே அது அழியும்? அவ பேசினது பதினோரு நிமிஷம். அந்தப் பதினோரு நிமிஷமும் அந்த ரூம்ல ஒருத்தர் வாய் திறக்கல. காலர் அக்கா கூட முந்தானையை வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம். சாப்பிட்ட கை காயுது, மணி ஓடுது, யாரும் எழுந்திருக்கல.  

விசாரணையில, தான் பண்ணின தப்பை அக்காவே எழுந்து நின்னு சொன்னாங்க. பன்னெண்டாவது வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் பதினோரு கேசட் ஓடிச்சு. ஒருத்தி திக்குறா, ஒருத்தி மூக்கை உறிஞ்சுறா, ஒருத்தி பாதியில "ஏய், அந்த மூடியைக் கொடுடி"ங்குறா. காலர் அக்கா திட்டு வந்தப்போ மேஸ்திரி தரையையே பாத்துக்கிட்டு நின்னாரு. அதிகாரி கர்சீப்பால வாயை மூடி இருமினாரு, அது இருமல் இல்லேன்னு எல்லாருக்கும் தெரியும்.

"இதுவும் சொல்லிக் கொடுத்தது தான்!"னு ஃபேக்டரி வக்கீல் எழுந்தாரு.

"இதுக்கெல்லாமா ஐயா ட்யூஷன்?"னாங்க காலர் அக்கா. "வேணும்னா உங்களை வச்சே புதுசா ஆரம்பிக்கிறேன்."

பத்து நாள்ல உத்தரவு வந்துச்சு. பூட்டை எடுக்கணும், கதவு உள்ள இருந்து திறக்கணும், புகார் கொடுத்தவங்கள்ல ஒருத்தரையும் வேலையை விட்டு எடுக்கக் கூடாது. டைப்பிஸ்ட் அக்காவுக்கும் வெளிநாட்டுத் தலைமை ஆபீஸ்ல இருந்து ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்துச்சு, முறையை மீறினதுக்கு. "நியாயமான கடிதம் தான்"னு சொல்லிச் சிரிக்கிறாங்க. நாலு வருஷம் கழிச்சுத் திட்டம் முடிஞ்சு மையத்தை மூடினாங்க. மேடம் ஊருக்குப் போயிட்டாங்க, பெஞ்சு யார் வீட்டுக்குப் போச்சோ தெரியல. "அந்த மதியச் சத்தம் மட்டும் இன்னும் காதுலயே இருக்கு"ங்குறாங்க.

ஆனா அக்கா மனசுல ஒரு முள்ளு. உத்தரவு வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பட்டன் தைக்குற பொண்ணு குடும்பத்தோட ஊரை விட்டுப் போயிட்டா. கதவு திறந்தது அவளுக்குத் தெரியுமா? தன்னால கேஸ் தோத்துப் போச்சுன்னு இத்தனை வருஷமும் நினைச்சுக்கிட்டு இருக்காளா? அக்காவுக்கு அவ பேரு ஞாபகம் இருக்கு. என்கிட்டக் கூட சொல்லல.

அதனால தான் கேக்குறேன், இதை ஷேர் பண்ணுங்க. உங்க அம்மா, சித்தி, அத்தை யாராவது முன்னாடி தையல் ஃபேக்டரியில பட்டன் தைச்சிருந்தா படிச்சுக் காட்டுங்க. அது அவங்களாவே இருந்தாலும் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், அக்காவுக்கும் சொல்லணும்னு இல்ல. நீங்க இல்லாமலும் கேஸ் ஜெயிச்சுச்சு, உங்க மேல ஒரு தப்பும் இல்லேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்.