நீலம் வந்தால் மூச்சு

எங்கள் கோவிலில் நத்தாருக்கு, பாலன் இயேசுவின் பிறப்புக்கு, கட்டும் குடிலின் விளக்குகளைப் பாட்டோடு சேர்ந்து எரியவைப்பது என் வேலை. யாரும் என்னை நியமிக்கவில்லை. ஒரு வருடம் நானாகத் தலையைக் கொடுத்தேன். அதன்பிறகு அதை எடுக்க யாரும் விடவில்லை.

பார்ப்பவர்களுக்கு அது மாயம். செய்கிறவனுக்கு முதுகு நோ. பாட்டு கணினித் திரையில் மேடும் பள்ளமுமாக நீண்டு கிடக்கும். தாளம் விழுகிற இடமெல்லாம் ஒரு கோடு போட வேண்டும். பிறகு அந்தந்தக் கோட்டில் எந்த விளக்கு, என்ன நிறம், எவ்வளவு நேரம் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிப்போகும். எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. மழைக்குப் பச்சை பூத்துப்போன ஒரு வயர் சதி செய்தால், அதோடு சண்டை போடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் இந்த வேலையில் விழுந்தது அக்காவுக்காக.

அக்கா பாடற்குழுவில் சின்ன வயதிலிருந்து பாடியவள். திருமணமாகி, இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகும் விடவில்லை. சில வருடங்களுக்கு முன் வந்த மூளைக்காய்ச்சல் அவளை விட்டுவிட்டு அவளுடைய காதுகளை மட்டும் கொண்டுபோனது. ஆளைத் தந்தாரே என்று நாங்கள் ஆண்டவருக்கு நன்றி சொன்னோம், அவளும் சொன்னாள். வாயைப் பார்த்தே கதையைப் பிடிக்கப் பழகிக்கொண்டாள். இப்போது வீட்டில் யாரும் அவளுக்குத் தெரியாமல் அவளைத் திட்ட முடியாது.

பாட்டுத்தான் கைவிட்டுப் போயிற்று. அடுத்த நத்தாருக்குக் குழுவோடு நின்று பார்த்தாள். மற்றவர்கள் ஒரு வரி முடித்து மூச்செடுக்கிற இடத்தில் இவள் குரல் தனியாக எழுந்தது. முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு காதில் விழாது, கண்ணில் விழுமே. மெல்ல இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இனி நான் பாடேல்லை தம்பி" என்றாள். வாங்கில் இருந்தபடி கையிலிருந்த பாட்டுத்தாளை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்த ஏக்கத்தில்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. குடிலின் கூரை விளிம்பில் ஒரு வரிசை விளக்கு. பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மஞ்சள் விளக்கு, இடமிருந்து வலமாக எரிந்துகொண்டே போகும். வரி முடிந்தால் வரிசை முழுவதும் நீலமாகும். நீலம் வந்தால் மூச்சு. மறுபடி மஞ்சள் வந்தால் அடுத்த வரி. ஊருக்கு அது அலங்காரம், அவளுக்கு அது காது.

முதலில் வீட்டில் யன்னல் திரைக் கம்பியில் விளக்குச் சரத்தைக் கட்டி அவளுக்குக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். ஒரு மூலையில் நட்சத்திரம் ஒன்றும் வைத்திருந்தேன்.

"உந்த நட்சத்திரம் ஏன் உப்பிடி நடுங்குது? அதுக்கும் காய்ச்சலே?"

"நீ கம்பியிலை இருக்கிற விளக்கைப் பார். பாடு."

பாடினாள். பாலனுக்குப் பாடுகிற தாலாட்டு அது. முதல் தடவை தடுமாறினாள். அடுத்த தடவை, கணினியில் ஓடிய பாட்டும் அவள் குரலும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று குசினிக்குப் போய் அழுதேன்.

பிசகு எங்கே வந்தது என்றால், அந்தப் பாட்டை நான் ஒலிப்பதிவு செய்த விதத்தில். எங்கள் குழுவின் ஆண்கள் கடற்தொழிலாளர்கள். நான் பதிவு செய்யப் போன நேரம் அவர்கள் கடலில். இருந்த பெண்பிள்ளைகளை வைத்து, கீபோர்ட்டின் இயந்திரத் தாளத்தில் பாட்டைப் பதிந்தேன். வீட்டில் அக்கா பழகியதும் அந்தத் தாளத்தில்தான்.

ஆனால் எங்கள் ஆண்கள் இயந்திரத் தாளத்துக்குப் பாடுகிற ஆட்களா? வலை இழுக்கும்போது அம்பா பாடிப் பழகிய தொண்டை. ஒருவர் வரியை எடுப்பார். கயிற்றில் கடைசி ஆள் இழுத்து முடிக்கும் வரை அந்த வரி நீண்டுகொண்டே நிற்கும். திருப்பாடலையும் அப்படித்தான் பாடுவார்கள். பிறந்த நாளிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது நினைவில் வரவில்லை.

கரோல் வழிபாட்டு மாலை. வாடைக்காற்றில் வாசல் சீலை அடித்துக்கொண்டிருந்தது. குழு குடிலைச் சுற்றி அரைவட்டமாக நின்றது. ஒரு முனையில் அக்கா, மறுமுனையில் பாடற்குழுத் தலைவர். ஊரே அண்ணை என்று கூப்பிடுகிற மனிதர் அவர். அக்கா மறுபடி நிற்பதற்கு ஒரு சொல்லும் கேட்காமல் இடம் விட்டவர். நான் கணினியோடு தூணோரம் இருந்தேன்.

தாலாட்டு தொடங்கியது. அண்ணை முதல் வரியை எடுத்தார், எடுத்ததை இழுத்தார். கீபோர்ட் பிள்ளையும் பழக்க தோஷத்தில் அவரோடு இழுபட்டாள். என் விளக்குகள் பதிவின் தாளத்திலேயே, யாருக்கும் காத்திராமல் நீலமாகி, மறுபடி மஞ்சளாகின.

அக்கா இரண்டாவது வரியைத் தொடங்கிவிட்டாள். தனியாக.

பழைய சிரிப்பு மறுபடி வரப்போகிறது, இம்முறை அதை அவளுக்கு வாங்கிக்கொடுத்தவன் நான். விளக்கை நிறுத்திவிட வேண்டும் என்று விரல் விசைக்குப் போனது. போனதோடு சரி, அழுத்த வரவில்லை, மரத்துப்போய் நின்றது.

அப்போது அண்ணை தன் வரியைப் பாதியில் கைவிட்டார். கையை உயர்த்தி, அக்காவின் வரியில் போய் விழுந்தார். அவர் பின்னால் ஒருவர், பிறகு இருவர், பிறகு முழுக் குழுவும். அடுத்த நீலத்தில் எல்லோரும் சேர்ந்து மூச்செடுத்தார்கள். கடைசி வரி வரை அக்காவின் வாயைப் பார்த்தே அத்தனை ஆண்களும் பாடி முடித்தார்கள். அந்தத் தாலாட்டு அவ்வளவு கெதியாக எங்கள் கோவிலில் ஒருநாளும் போனதில்லை. பாலன் தூங்கியிருக்க வழியே இல்லை.

வழிபாடு முடிந்ததும் அண்ணையிடம் ஓடினேன். அடுத்த முறை உங்கள் தாளத்துக்கு விளக்கை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"உதிலை கை வைக்காதை தம்பி. கயித்திலை முன்னுக்கு நிக்கிறவன் இழுத்திட்டான் எண்டால், பின்னுக்கு நிக்கிறவன் எட்டிப் பிடிக்கிறதுதானே. நாங்கள் அந்தப் பிள்ளையின்ரை வாயைப் பார்த்துப் பாடுறம்."

இன்றுவரை அப்படித்தான் பாடுகிறார்கள். அந்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

அன்று வீட்டுக்கு வந்து அக்காவுக்கு எதையும் காட்டிக்கொள்ளாமல் தேநீர் ஊற்றினேன். நன்றாகப் பாடினாய் என்று வாயசைத்தேன். அவள் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் முந்திப்போட்டன் எண்டு எனக்குத் தெரியாதே? அண்ணையின்ரை வாய் முதல் வரியிலையே ஆவெண்டு நிண்டது."

நான் சீனிப் போத்தலைத் திறந்தேன்.

"நிப்பாட்டுவம் எண்டுதான் நினைச்சனான். பார்த்தால், நீ லைற்றை நிப்பாட்டேல்லை. அதுதான் நானும் நிப்பாட்டேல்லை."

விரல் விசையின்மேல் நின்றதை நான் அவளிடம் சொல்லவில்லை. அதை அழுத்தவிடாமல் பிடித்த ஆண்டவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு, அவள் கோப்பைக்கு இன்னும் கொஞ்சம் சீனி போட்டேன்.