வாய் மூடிய கொக்கி

பழைய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் அந்தக் கொட்டகையில் அவளுக்குப் பெயர் ‘பல் டாக்டர்’. பதினொரு சங்கிலிக் கப்பிகள், பதினொரு கொக்கிகள். திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு கொக்கியின் வாயையும் அளப்பது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. பாரம் மிஞ்சினால் கொக்கி வாயைப் பிளக்கும். அளவைத் தாண்டிப் பிளந்திருந்தால் கழற்றிக் கழிவில் போட்டுவிடுவாள்.

தம்பிக்கும் அங்கேதான் வேலை. தொங்கும் பாரத்தைக் கீழே நின்று கையால் திருப்பிவிட வேண்டும். சேர்த்துவிட்டவள் அவள்தான்.

“உப்புக்கல் பட்டுனு உடையுது, இரும்பு மட்டும் ஏன்க்கா வளையுது?” என்று ஒருமுறை வீட்டில் சாப்பாட்டுக்கு நடுவே கேட்டான்.

“உன் பிள்ளைங்களாலதான்.”

“அதுங்க என்ன பண்ணுச்சு?”

“பெத்தது நீ. ஆனா எந்த ரூம்ல கிடக்கும், யார் தட்டுல கை வைக்கும்னு உனக்குத் தெரியுமா? இரும்போட எலக்ட்ரானும் அப்படித்தான். ஒரு அணுகிட்ட நிக்காது, எல்லார்கிட்டயும் ஓடும். அந்த ஓட்டம்தான் மொத்தக் குடும்பத்தையும் பிடிச்சு வெச்சிருக்கு. அணு அடுக்கு ஒண்ணு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாலும் பிடி விடாது.”

“அப்ப உப்பு?”

“அது உன் பொண்டாட்டி. அவளுக்குன்னு ஒரு இடம், அதைத் தள்ளினா போச்சு.”

அடுக்களையிலிருந்து கரண்டி விழும் சத்தம் கேட்டது. தம்பி குனிந்து சாப்பிட்டான்.

இந்தத் திங்கட்கிழமை கொக்கிகள் எல்லாம் புது மஞ்சள் பெயின்டில் பளபளத்தன. நான்காவதை அளந்தாள். போன வாரம் எல்லைக்கு ஒரு நூல் குறைவாகப் பிளந்திருந்த கொக்கி அது. இன்று புதிதுபோல் அளவு காட்டியது. மறுபடி அளந்தாள். எந்தக் கொக்கியும் தானாக வாயை மூடிக்கொள்ளாது.

சூப்பர்வைசர் சிரித்தார். “நெளிசல் எடுத்தாச்சும்மா. மாப்பிள்ளை மாதிரி நிக்குதில்ல?”

“காய்ச்சியா?”

“எதுக்கு? சூடு காட்டாம, பச்சையா அடிச்சுத்தான்.”

அவர் மேசையிலிருந்த கிளிப் ஒன்றை எடுத்து வளைத்தாள், நிமிர்த்தினாள், வளைத்தாள். ஏழாவது தடவை அது இரண்டாகி அவர் டீயில் விழுந்தது.

“அது வெறும் கம்பி. இது கலப்பு எஃகு, பலம் ஜாஸ்தி.”

“பலம் எங்கிருந்து சார் வருது? சைஸ் ஒத்துவராத வேற அணுவைக் கலந்து, அடுக்கு லேசுல நகராம மறிச்சு வெச்சிருக்கு. நகர மிச்சமிருந்த இடத்தையும் நீங்க அடிச்சு அடிச்சுச் சிக்கலாக்கிட்டீங்க. முன்னாடி வாயைத் திறந்து சொல்லுச்சு. இனிமே சொல்லாது. உடையும்.”

டீயைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் நான்காவதைக் கழற்றச் சொன்னார். கழற்ற வந்த கொல்லரிடம் அவள் கேட்டாள்: “இது ஒண்ணுதானே?”

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “நாலோ அஞ்சோ இருக்கும்க்கா. ரெண்டு வருஷமா. நீங்க பார்த்தா கழட்டிடுவீங்களேன்னு ஞாயித்துக்கிழமையே தட்டி வெச்சிடுவேன். எல்லைக்குள்ள இருந்தாலும் சும்மா தட்டிப் பழகிட்டேன். நேத்து இல்ல, அதுக்கு முந்தின ஞாயிறு வரல, அதான் போன வாரம் நாலாவது பிளந்தது உங்க கண்ணுல பட்டுது.”

“எது எது?”

“யாருக்கு ஞாபகம்?”

இரண்டு வருடமாக ஒரு கொக்கிகூடக் கழியவில்லை. வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பதிவேட்டில் வாராவாரம் ‘சரி’ என்று எழுதியதும் அவள் கைதான்.

வெளியே ஓடிவந்தாள். ஏழாவது கொக்கியில் ஒரு எஞ்சின் ஏறிக்கொண்டிருந்தது. தம்பி அதன் அடியில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் திருப்பினான்.

“டேய், வெளிய வாடா!”

சங்கிலிச் சத்தத்தில் அவனுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். இதோ ஆச்சுக்கா என்பதுபோல் மறு கையைக் காட்டினான். அவள் கத்திக்கொண்டே ஓடினாள், கண் மேலே இருந்தது. கொக்கியின் வாய் ஒரு நூல்கூடத் திறக்கவில்லை.