ரிஃபாய் பண்டாரியின் வயிறு

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த நாலாம் நாள் காஜா நவாஸ் கத்தாருக்குக் கிளம்பினான். காலையிலிருந்து கீழக்கரையில் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிவிட்டு, கடைசியாக அண்ணன் ரிஃபாயிடம் வந்தான். தம்பியின் பெட்டியைக் கார் மேலே தூக்கி வைத்தபோதுதான் ரிஃபாய்க்கு வயிற்றிலிருந்து முதுகுக்கு அந்த வலி பாய்ந்தது. கல்யாணப் பிரியாணிக்கு முப்பது வருஷமாகத் தேக்சா என்கிற பெரிய அண்டாவை இறக்கிய சமையல்காரர், பண்டாரி அவர். பல்லைக் கடித்துக்கொண்டு ஸலாம் சொன்னார். இரண்டு வருஷம் வேலையில்லாமல் இருந்தவனுக்குக் கிடைத்த லாரி டிரைவர் விசா. வலியைச் சொன்னால் பெட்டியை இறக்கிவிடுவான்.

மறுநாள் மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் பலூன்போல வீங்கி, வெடிக்கிற நிலையில் இருந்தது. அன்றைக்கே வயிற்றைத் திறந்து, வீங்கிய இடத்தில் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்தது, சபரில், கடல் கடந்து இருப்பவனுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று ரிஃபாய் சத்தியம் வாங்கியிருந்தார். நவாஸ் போன் செய்யும்போதெல்லாம், தென்காசியில் கல்யாணச் சமையல், அங்கே சிக்னல் இல்லை என்று மனைவி மஜீதா சொன்னாள். நவாஸின் மனைவி லாமியாவும் அதையே சொன்னாள்.

தையல் பிரித்த அன்று டாக்டர், வாப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் ஒரு மணி நேரத்தில் மௌத்தானார், வாயுப்பிடிப்பு என்றார்கள் என்றார் ரிஃபாய். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கூடப்பிறந்தவர்களுக்கும் இது இருக்கலாம், உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள் என்றார்.

வீடு திரும்பியும் கஞ்சி இறங்கவில்லை. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமினார். கழிப்பறை வரை போய் வருவதற்குள் கால் நடுங்கியது. ஆனால் கண்ணை மூடினால் தெரிந்தது தன் வயிறல்ல. பாலைவன ரோட்டில் லாரி ஓட்டும்போதே தம்பி ஸ்டியரிங்மேல் சாய்வதுதான்.

மூச்சைக் கூட்டிக்கொண்டு போன் போட்டு, வயிற்றை ஒரு ஸ்கேன் பாருடா என்றார். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிறவன் சிரித்தான்.

"என்ன காக்கா, கல்யாணச் சோத்தை நீங்க தின்னுட்டு ஸ்கேனை என்னை எடுக்கச் சொல்றிய?"

அடுத்தடுத்து நாலு தடவை சொல்லிப் பார்த்தார். அவன் ஐந்தாவது தடவை போனையே எடுக்கவில்லை.

"பொய்யைச் சொல்லிக்கிட்டே உங்க தம்பியை எப்புடி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவிய?" என்றாள் மஜீதா.

அன்று ரிஃபாய் சட்டையைத் தூக்கிக் காட்டிப் படம் எடுக்கச் சொன்னார். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளைச் சுற்றி அடிவயிறு வரை இறங்கிய தழும்பு. டாக்டர் சொன்னதையும் வாப்பாவின் மௌத்தையும் மஜீதா படத்துக்குக் கீழே தட்டி நவாஸுக்கு அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

என்னை அந்நியனாக்கிவிட்டார்கள் என்று லாமியாவிடம் அழுதானாம். அதற்குப் பிறகு அண்ணன் பேச்சை எடுத்தாலே அவளிடமும் போனை வைத்துவிடுவானாம். மாதங்கள் போயின. ரிஃபாய் பள்ளிவாசல் வரை நடக்கத் தொடங்கினார். குனிய முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். துஆவில் ஒரே பெயர்தான் இருந்தது. திரும்பும் வழியெல்லாம் போனைத் திறந்து பார்ப்பார்.

ஐந்தாம் மாதம் செய்தி வந்தது.

"காக்கா, எனக்கும் இருக்கு. வீக்கம் அஞ்சே முக்கால் சென்டிமீட்டராம். திங்கக்கிழமை இங்கனயே ஆபரேஷன். லாமியாகிட்ட சொல்லிராதிய. தூரத்து லோடு போயிருக்கேன், அங்கன சிக்னல் இல்லைன்னு சொல்லிருங்க."