சும்மா கிடந்த ஸ்லாட்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அந்தக் கம்ப்யூட்டரை நான்கு முறை அணைத்து நான்கு முறை போட்டிருந்தேன். நான்கு முறையும் ஒரே பதில்தான் வந்தது: உங்களிடம் உள்ள கிராபிக்ஸ் இந்த மென்பொருளுக்குப் போதாது. அதை நீ சொல்லிவிட்டால் ஆயிற்றா? திங்கட்கிழமைக்கு நான் யாரிடம் பதில் சொல்வது?

திங்கட்கிழமை கோவிலம்பாக்கத்தில் ஒரு மனைக்குப் பூமி பூஜை. அந்த மனையில் வரப்போகிற வீட்டின் முகப்பு, கட்டி முடித்தபின் எப்படி இருக்குமோ அப்படியே, வெயிலும் நிழலுமாகப் படத்தில் தெரிய வேண்டும். எலிவேஷன் என்பார்கள். மனைக்குச் சொந்தக்கார அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அந்த ஊரிலேயே பயிர் வைத்த குடும்பம். இப்போது நாலைந்து வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். என் கணவர் வேலை பார்க்கும் வங்கியில் லாக்கர் வைத்திருப்பவர். படம் போட நல்ல ஆள் யாராவது தெரியுமா என்று அவர் கேட்க, இவர் சட்டென்று என்னைச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அந்த மனைக்கார அக்கா போனில் பேசியது இன்னும் காதிலேயே இருக்கிறது.

“தோ பாரும்மா, ஞாயித்துக்கெயம சாயங்காலம் நா உன் வூட்டுக்கு வருவேன். படம் புட்சிருந்தா எல்லாத்தியும் நீயே பாத்துக்கோ. பக்கத்து மனையும் நம்மளுதுதான். இல்லாங்காட்டி மேஸ்திரி வேற ஒரு ஆள சொல்லிகினு கீறான், அந்தாளாண்ட குட்த்துடுவேன். அப்பறம் என்ன கொற சொல்லக்கூடாது.”

என் பெயருக்கென்று வந்த முதல் வேலை அது. பல்லாவரத்தில் ஒரு கட்டட வரைபட ஆபீசில் ஒன்பது வருடம் வரைந்திருக்கிறேன். ஒவ்வொரு தாளிலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். ஆபீஸ் பெயர், வீட்டுக்காரர் பெயர், தேதி, கடைசியில் ‘வரைந்தவர்’. அந்தக் கடைசி இடத்தில் எறும்பு அளவில் இரண்டு எழுத்து, அதுதான் நான். ஒரு தடவை, முழுக்க முழுக்க நானே யோசித்துப் போட்ட ஒரு முகப்புக்கு என் பெயரை முழுசாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முதலாளி சிரித்தார். “உன் பேரைப் பாத்தா வீடு கட்டறாங்க? ரெண்டு லெட்டர் போதும்மா.” எனக்குக் கோபம் வந்தால் முன்பின் யோசிக்கத் தெரியாது. அந்த வாரமே வேலையை விட்டேன். விட்டதில் வருத்தமே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். ஆறு வருடமாக வருத்தம்தான். நடுவில் யார் யாரோ கையெழுத்துப் போடும் பிளான்களை வரைந்து கொடுத்தேன். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும், “வீட்ல சும்மாதானே இருக்கே?” என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார். பதில் சொல்லாமல் பாயசத்தைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

பத்தரை மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாம்பரம் போனேன். மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கிராபிக்ஸ் கார்டு ஒன்று வேண்டும் என்றேன். கண்ணாடி போட்ட கடைக்காரர் நிதானமாக விசாரித்தார்.

“சிஸ்டம் எத்தன வருஷம்க்கா?”

“பத்து.”

“பத்தா!” என்று ஒரு தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “கேபினட்டக் கொண்டாந்து வெச்சுடுங்க. செவ்வாக்கெழம மாட்டிக் குடுத்துடறோம்.”

“செவ்வாக்கெழம எனக்கு எதுக்குங்க? திங்கக்கெழம பூஜை!”

“கம்ப்யூட்டருக்கா?” என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

எனக்கு விளக்கிச் சொல்லப் பொறுமையில்லை. நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். ஒரு பெண் தானே மாட்டுகிறேன் என்றதும் அவர் முகத்தில் தெரிந்த சந்தேகத்தைப் பார்த்தபின், உயிரே போனாலும் நானேதான் மாட்டுவது என்று முடிவாகிவிட்டது. இரண்டு சின்ன விசிறி வைத்த ஒரு கார்டை எடுத்துக் காட்டினார்.

“இதுக்குத் தனியா கரண்ட் ஒயர் வேணாம், போர்டுலேர்ந்தே எடுத்துக்கும். உள்ள நீளமா ஒரு ஸ்லாட் சும்மா இருக்கும் பாருங்க, அதுல நேரா வெச்சு அமுக்குங்க. டக்குனு ஒரு சத்தம் வரணும். அவ்ளோதான். மானிட்டர் ஒயரையும் இந்தக் கார்டுலதான் சொருகணும், பழைய எடத்துல சொருகிட்டு படம் வரலன்னு வரக்கூடாது.”

அஸ்தினாபுரத்தில் வீடு வந்து சேர்வதற்குள் அதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, கேபினட்டைப் படுக்கவைத்து, பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஆறு வருடத் தூசி. நீளமான ஸ்லாட் சும்மாதான் இருந்தது. கார்டை நேராக வைத்து அமுக்கினேன். டக் வரவில்லை. இன்னும் அமுக்கினேன். மேசைதான் கிறீச்சென்றது. சரி, உட்கார்ந்துவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன். கார்டின் விசிறிகள் சுற்றின. திரையில் மட்டும் ‘சிக்னல் இல்லை’.

கழற்றினேன், மாட்டினேன். ஒயரை மாற்றினேன். குக்கர் வைத்தேன், எத்தனை விசில் என்று எண்ண மறந்து அணைத்தேன். மறுபடி மாட்டினேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. மேலே விமானம் ஒன்று வீட்டையே தூக்கிக்கொண்டு போகிற சத்தத்தில் போனது. வாயைப் பொத்து என்று அதைக்கூடத் திட்டினேன். துணி காயப்போடப் போய், பாதி வாளியோடு திரும்பிவந்து மறுபடி ஒரு முறை ஸ்விட்சைப் போட்டேன். சிக்னல் இல்லை.

ஏமாற்றிவிட்டான் என்று முடிவுகட்டி, சாப்பிடாமலேயே மறுபடி தாம்பரம். கடைக்காரர் கார்டைத் தன் மெஷினில் மாட்டினார். டக். படம் பளிச்சென்று வந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“கார்டு நல்லாத்தான் இருக்குக்கா. உங்க ஸ்லாட் போயிருக்கும். பழைய போர்டு, அது இப்ப கெடைக்காது. மொத்தமா மாத்தற மாதிரிதான் வரும். அதுக்கு ஒரு வாரம் ஆகும்.”

ஒரு வாரம்! குரோம்பேட்டை சிக்னலில் நிற்கும்போது அழுதுவிட்டேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு அழுவதில் ஒரு வசதி, பக்கத்து வண்டிக்காரருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும், ‘அக்கா, நாளைக்குள் முடியாது, மன்னிக்கவும்’ என்று போனில் தட்டினேன். அனுப்பவில்லை. அனுப்பினால் மேஸ்திரி சொன்ன ஆள் நாளைக்கே படத்தோடு வந்து நிற்பான். என் பெயர் அந்தக் கட்டத்துக்குள் வராமலே போய்விடும்.

ஐந்தரை மணிக்குக் கணவர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நான் ஆரம்பித்துவிட்டேன்.

“உங்கள யாரு என் பேரச் சொல்லச் சொன்னது? சும்மா இருந்தவளச் சும்மா விட வேண்டியதுதானே? இப்ப அந்தக்கா முன்னாடி யாரு அசிங்கப்படறது? நீங்களா, நானா?”

“ரெண்டு பேரும்தான்” என்றார் அவர். எனக்கு இன்னும் ஏறியது. கடைக்காரரைத் திட்டினேன், பழைய முதலாளியைத் திட்டினேன், பத்து வருடத்துக்கு முன்னால் இந்த மெஷின் போதும் என்று சொன்னதற்காக இவரையும் சேர்த்துத் திட்டினேன். அரை மணி நேரம் இருக்கும். அவர் கைபேசியில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கேபினட்டுக்குள் தலையை விட்டிருந்தார். எனக்குப் பதில் சொல்லாமலிருக்க அது ஒரு வழி.

“ஏம்மா, இந்த நீள ஸ்லாட்டுக்குள்ள மஞ்சளா என்னமோ அடைச்சிருக்கே. இது இப்படியேதான் வருமா?”

“எங்க?”

பல்குச்சியை எடுத்து லேசாகச் சுரண்டினார். பொடியாக உதிர்ந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தார். “சந்தன வாசனை வருது” என்றார், ஒரு பாவமும் அறியாதவராக.

பல்குச்சியை வாங்கி நானும் மோந்து பார்த்தேன்.

வேலையை விட்ட வருடத்து ஆயுத பூஜை. வீட்டிலிருந்தே வரைந்து ஊரையே அசத்திக் காட்டுகிறேன் என்று வீறாப்பாக இருந்த நேரம். கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டினேன். இவர்தான் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே ஒரு பொட்டு வைத்தால் போதாதா என்று அப்போதே கேட்டார். “உசிரு உள்ளதானே இருக்கு?” என்று சொல்லி, எதிலும் படாமல் காலியாக இருக்கிற இடமாகத் தேடினேன். ஒரு நீளப் பள்ளம் சும்மா கிடந்தது. நல்ல ஈரச் சந்தனமாக எடுத்து அதில் அழுத்தி ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். இனிமேல் நீதான் என் ஆபீஸ் என்று அதனிடம் சொன்னதுகூட ஞாபகம் வந்துவிட்டது.

“நான்தான்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஸ்லாட்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார் பாவம், தோள் குலுங்கியதில் டார்ச் வெளிச்சம் கூரையெல்லாம் ஆடியது. எனக்கும் வந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. அரை மணி நேரம் திட்டு வாங்கிய மனுஷன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் வெட்கமாக இருந்தது.

கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷும் முதலுதவிப் பெட்டியிலிருந்த ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்தேன். சந்தனம் கல்லாகியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, பல்குச்சியால் நெம்பி, உதிர்ந்ததை ஊதி, மறுபடி ஸ்பிரிட். காயட்டும் என்று அவர் மேசை விசிறியைத் திருப்பி வைத்தார். அரை மணி நேரம் எதையும் தொடக்கூடாது என்று கையில் காபியைத் திணித்தார். இருப்புக் கொள்ளவில்லை. காபியோடு வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். பிறகு கார்டை நேராக வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன்.

டக்.

அப்பாடா! திரை வந்தது. போதாது போதாது என்று சொன்ன மென்பொருள் வாயை மூடிக்கொண்டு திறந்தது. முன்பெல்லாம் வீட்டைக் கொஞ்சம் திருப்பினால் படம் துண்டு துண்டாகத் தேறுவதற்குள் ஒரு துவையலே அரைத்துவிடலாம். அதனாலேயே யாராவது, இதை மாற்ற முடியுமா என்று கேட்டால், முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிப் பழகியிருந்தேன். இப்போது சுட்டியை அசைத்தால் வீடு கூடவே திரும்பியது. ஞாயிறு காலையிலிருந்து எழுந்திருக்காமல் உட்கார்ந்து முடித்தேன்.

நாலரை மணிக்கு அக்கா வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் தோளை ஒட்டி உட்கார்ந்தார். படத்தை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தார்.

“மாடி ஜன்னலு இன்னா இம்மாந்தூண்டு கீது? பெருசாக்குவியா?”

முடியாது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழக்கதோஷம். இழுத்தேன், பெரிதானது.

“காத்தால வெயிலு எங்க வியும்?”

சூரியனை நகர்த்தினேன். வாசலில் விழுந்த நிழல் மெல்ல ஊர்ந்து, சுவரில் ஏறி, சாயங்காலமாகியது.

“யம்மாடியோவ்! சூரியனியே இஸ்துகினு போறியேம்மா நீ!” என்று என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. “மேஸ்திரியாண்ட சொல்லிடறேன், வேற ஆளு வேணாம்னு. இத்த பெருசா பேனரு அடிச்சி மனையில கட்டணும். நாளைக்கி வர்றவன்லாம் பாக்கட்டும்.”

அவர் போனதும் மூலைக் கட்டத்தைத் திறந்தேன். ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் விரல் தானாக அந்த இரண்டு எழுத்தை அடித்தது. அழித்தேன். என் பெயரை முழுசாக, தமிழில் அடித்தேன். கொஞ்சம் பெரிதாக்கினேன். அதிகமோ என்று குறைத்தேன். மறுபடி பெரிதாக்கி, அப்படியே பேனர் அடிக்க அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மனையில் இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே வீடு நின்றது. ஐயர் மந்திரத்தை முடித்ததும் அக்கா சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். செங்கல்லுக்கு வைத்தார், மேஸ்திரியின் கரண்டிக்கு வைத்தார். அடுத்து பேனரிடம் வந்தார். எட்டி மேல் மூலை இரண்டுக்கும் வைத்தார். குனிந்து இடது கீழ் மூலைக்கு வைத்தார். கட்டைவிரல் நிறையச் சந்தனத்தோடு வலது மூலைக்குப் போனார்.

“அக்கா! அங்க வேணாம்!”

நான் போட்ட சத்தத்தில் ஐயர் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“இன்னாம்மா? இன்னா ஆச்சி?”

“அது… பேருக்கா.”

“ஆரு பேரு?”

“எம் பேரு.”

அக்கா இடுப்பில் கைவைத்துக் குனிந்தார். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, மேஸ்திரிக்கும் கேட்கும்படி, உரக்கப் படித்தார். கடைசி எழுத்து வந்ததும் முழுசாக இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலைப் பெயரின்மேல் படாமல் தூக்கி, அதற்குச் சற்று மேலே, நெற்றியில் வைப்பதுபோல நிதானமாக ஒரு பொட்டு வைத்தார்.

“இப்ப செரியா?” என்றார்.

தலையை ஆட்டினேன்.