பொன்விழா அன்று மூட்டைக்குக் காவல்

ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் குருப்பட்டம் வாங்கி ஐம்பது வருஷம் நிறைந்ததற்கு விழா எடுக்கக் கமிட்டி போட்டோம். வாயாடி என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பேண்டு, பொன்னாடை, பிரியாணி எல்லாம் முடிவாயிற்று. சாமியோ ரோட்டில் படுக்கிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தால்தான் மேடையேறுவேன் என்று சொல்லிவிட்டார்.

அவர் அப்படித்தான். இளம் சாமியாராக இருந்த காலத்திலிருந்தே காலைப் பூசை முடிந்ததும் அங்கிப் பையில் நகவெட்டியும் சீப்பும் போட்டுக்கொண்டு பெரிய மார்க்கெட் பக்கம் கிளம்பிவிடுவார். பிளாட்பாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர்கள் காலை மடியில் வைத்து நகம் வெட்டுவார். எங்களைக் கண்டால் சிடுசிடுப்பு; அவர்களிடம் மட்டும் ஊர்க்கதை பேசிச் சிரிப்பு. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அழைக்கப் போனேன். மூடிக்கிடந்த ஒரு கடை வாசலில் இருந்தவள், என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள், வரமாட்டேன் என்றாள். சாமிமேல் கோபமா என்றால் அதுவும் இல்லையாம். முன்பு ஒருமுறை காய்ச்சலில் கோரிமேடு ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பினால் மூட்டையைக் காணோம், இடத்தையும் வேறொரு ஆள் பிடித்துவிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க நனைந்திருக்கிறாள். மற்றவர்களுக்கும் இதே பயம்தான். ஒரு வேளைப் பிரியாணிக்காக யார் தன் வீட்டை விடுவார்கள்?

கமிட்டியில் சொன்னபோது ஆளாளுக்கு விட்டத்தைப் பார்த்தார்கள். எனக்கு வந்ததே கோபம். "அப்ப நாமளே போயி அவங்க எடத்துல உக்காந்துக்கலாம்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயா என்று, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரான என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் அவரும் அடுத்த தெருவில் ஒரு மூட்டைக்குக் காவல் போனார்.

விழாவுக்கென்று எடுத்த பட்டுப்புடவையோடு கடை வாசலில் உட்கார்ந்தேன். தூரத்தில் பேண்டு சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்துக் கடை வாட்ச்மேன் வந்து எழுந்திருக்கச் சொன்னார். இது எங்கள் இடம், நகர முடியாது என்று சண்டைக்குப் போனேன். புடவையையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தவர், வீட்டில் மாமியாரோடு தகராறா என்று மெதுவாக விசாரித்து, டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

வெற்றிலை குதப்பிக்கொண்டு திரும்பி வந்தாள் அவள். சாமி மேடையேறினாராம். பொன்னாடை போட வந்த பெரிய மனிதர்களை எல்லாம், சோறு ஆறுகிறது என்று விரட்டினாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மூட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எங்கனா ஊருக்குப் போனா சொல்லுக்கா. உன் வூட்ட நான் பாத்துக்கறேன்."

சொல்கிறேன் என்றேன்.

சொல்லவும் செய்தேன். மே மாசம் கும்பகோணத்துக் கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது மூலக்குளம் வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்தேன். அவள் எங்கள் வீட்டில் இருந்த ராத்திரிகளில், அந்தக் கடை வாசலில் அவள் மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சாமி படுத்திருந்தார்.